தூர்ஸீனாவில் மக்கள் கேட்டது என்ன?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளிவாசல் பயான் கேட்டு வளர்ந்தோர் மூஸா (அலை) அவர்களைக் ‘கலீமுல்லாஹ்’, இறைவன் உரையாடிய நபி, என்று அறிவர். மலையடிவாரத்தில் நின்ற பனூ இஸ்ராயீல் மக்களின் செவியில் விழுந்தது யாது? யூத அறிஞர் நெடுங்காலம் ஆராய்ந்த வினா இது. அவ்வாராய்ச்சியின் தலையாய நூல்கள் இரண்டு அரபு மொழியில் இயற்றப்பட்டவை. நம்மவருள் பலர் அறியாத செய்தி.

அந்தலூஸின் யஹூதா ஹலேவி (மறைவு 1141) ‘குஸாரி’ என்னும் நூலில், ஆறு இலட்சம் பேர் நேரிற் கேட்டதையே வஹீக்குச் சான்றாக்குகிறார். தனியொருவர் கேட்டதை ஐயுறலாம். ஒரு சமுதாயமே கேட்டதை எங்ஙனம் ஐயுறுவது?

குர்துபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் மறைந்த மூஸா இப்னு மைமூன் ‘தலாலத்துல் ஹாயிரீன்’ நூலில் வேறு வழி செல்கிறார். நுபுவ்வத் என்பது அறிவாற்றலின்மீது இறங்கும் இறையருட் பெருக்கு. பண்படாத உள்ளத்திற்கு அது வாய்ப்பதில்லை. ஆதலின் மக்கள் கேட்டது வெறும் ஓசை. சொற்களைப் பிரித்துணர்ந்தவர் மூஸா நபி மட்டுமே. வியப்பு யாதெனில், தம் சட்டத் தொகுப்பில் இவரே மக்கள் கண்டதையும் கேட்டதையும் நம்பிக்கையின் அடித்தளமாக்குகிறார். தத்துவ அறிஞரும் சட்ட அறிஞரும் ஒருவருக்குள்ளேயே வழக்காடுகின்றனர்!

சமுதாயமாகக் கேட்டல் வழிபாட்டிலும் நிலைத்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி தொழுகைக் கூடத்தில் தவ்ராத் ஓதும் மேடை மக்கள் நடுவே அமைந்துள்ளது. மரபுப்படி, ஆடவர் பதின்மர் கூடினாலன்றித் தவ்ராத்தைப் பொதுவில் ஓதலாகாது. கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரும் பின்னர் அருகினர். பதின்மரைத் திரட்டுவதே அங்கு அரிதாயிற்று.