கார் தன் குறையை எவ்வாறு உரைக்கிறது?

இலங்கையின் மலைநாட்டில் 6,000 அடிக்கு மேல் உயர்ந்த கந்தப்பளையிலே, மூடுபனியும் ஈரமும் விலகாத விடியற்பொழுதில் ஒரு கார் உதறித் திணறுமாயின், அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமாகிப் பின்னர் உலகெங்கும் பரவிய ஓபிடி-2 முறைப்படி, ஸ்டீயரிங்கின் கீழுள்ள 16 முனைச் சொக்கற்றில் ஸ்கேனரைப் பொருத்தி, அது காட்டும் குறியீட்டால் காரின் குறையை அறியலாம்.

பி0301 என்னும் குறியீடு, முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுவதைச் சுட்டும். காரின் கணினி தீப்பொறியை நேரிற் காண்பதில்லை. எரியும்போதெல்லாம் கிராங்க் தண்டு கணநேரம் விரைவதையும், எரியாதபோது தளர்வதையும் சென்சர் அளந்து கூற, அதனாற் பெறும் அநுமானத்தையே கணினி பதிவு செய்கிறது. ஆதலின் குறியீடு காரியத்தை உரைக்குமேயன்றிக் காரணத்தை உரைப்பதில்லை. பிளக், கொயில், இன்ஜெக்டர் ஆகிய எதிலும் பழுதிருக்கலாம். முதலாம் கொயிலையும் இரண்டாம் கொயிலையும் இடம் மாற்றியபின் குறியீடு பி0302 ஆகுமாயின், தோஷம் கொயிலிலேயே உளது.

பி0562 என்பதோ மின்னழுத்தக் குறைவு. நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடுகையில் சார்ஜ் ஏறும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்டும். ஸ்டார்ட் செய்யும் கணத்தில் பற்றரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்டிமீற்றர் 0.5 வோல்ட்டுக்கு மேற் காட்டினால், எர்த் வயரிலோ அதன் இணைப்பிலோ தடை உண்டு. பூத்த களிம்பைச் சுரண்டி இறுக்கிப் பாராமல் புதிய பற்றரி வாங்குவது வீண் விரயம்.

குறியீட்டை அழிக்குமுன், அதனோடு பதிவான வேகம், வெப்பம் முதலியவற்றை எழுதிக்கொள்க. அழித்தால் அவையும் அழியும்.