மூச்சுத் திணறும் அரபிக் கடல்

வலை நிறைந்தால் மீன் பெருகியதாக அர்த்தமா?

மீனுக்கும் மூச்சு உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராண வாயுவை அது செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. அந்த வாயு குறைந்தால், கடலில் யார் யாரைத் தின்பது என்ற கணக்கே மாறிவிடும்.

மும்பைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் அரபிக் கடலில் இதைக் காணலாம். காற்றும் அலையும் கலக்கும் மேல்மட்டத்தில் பிராண வாயுவுக்குக் குறைவில்லை. ஆனால் சுமார் 150 மீட்டர் ஆழத்தில் இருந்து 1,000 மீட்டர் வரை அது மிக மிகக் குறைவு. மேலே செத்து விழும் நுண்ணுயிர்கள் அங்கே மக்கும்போது, இருக்கிற வாயுவும் செலவாகிவிடுகிறது.

இரைக்குப் புகலிடம்

உடலில் வெளிச்சம் விடும் விரல் நீளச் சின்ன மீன்கள், பகலெல்லாம் இந்த இருட்டில் பதுங்கிக் கிடக்கின்றன. குறைந்த வாயுவில் பிழைக்க அவை பழகியவை. துரத்தி வேட்டையாடும் சூரை மீனுக்கோ நிறைய வாயு வேண்டும். அங்கே அது அதிக நேரம் தங்க முடியாது. இருட்டியதும் சின்ன மீன்கள் இரை தேடி மேலே வருகின்றன. ஆபத்து அப்போதுதான்.

மேலே நெரிசல்

கடல் சூடேறினால் தண்ணீரில் வாயு கரைவது குறையும். மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர்ச்சி என்று தண்ணீர் அடுக்கடுக்காக நிற்பதால், மேலே உள்ள வாயு கீழே இறங்குவதும் குறையும். 1960 முதல் 2010 வரை உலகக் கடல்கள் சுமார் 2 சதவீதப் பிராண வாயுவை இழந்தன.

வாயு குறைந்த தண்ணீர் மேலேறினால், சூரை போன்ற பெரிய மீன்கள் மேல்மட்டத்தில் நெருக்கியடித்து வாழவேண்டும். இரை மீன்கள் பலவும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சூரைக்கு வேட்டை சுலபம். மனிதனின் வலைக்கும் தூண்டிலுக்கும் சூரை சுலபம்! அட்லாண்டிக் கடலின் வெப்பப் பகுதியில் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். அங்கே வலை நிறைவதற்குக் காரணம், மீன் பெருகியது அல்ல. அது ஓடி ஒளியும் இடம் சுருங்கியதுதான்.

பொம்பில் கதை

மும்பைவாசிகள் நன்கு அறிந்த பொம்பில் இதற்கு நேர்மாறு. அதன் கொழகொழ உடலில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் குறைந்த வாயுவே அதற்குப் போதும். சீனக் கடலோரத்தில் பொம்பில் பல மடங்கு பெருகியதற்கு வாயுக் குறைவே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பொம்பில் சாதுவும் அல்ல. இறாலையும் சிறு மீன்களையும் விழுங்கும் வேட்டை மீன் அது.

ஆகவே சசூன் டாக்கில் இறங்கும் கூடைகளை மட்டும் எண்ணினால் போதாது. எந்த மீன், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். கூடை நிறையும் காலத்திலேயே வலைக்குக் கட்டுப்பாடு வைத்தால்தான், நாளைக்கும் ஏழை வீட்டுச் சட்டியில் மீன் கொதிக்கும்.