ஆற்றைத் தேக்கி, வேலியை ஒளித்து

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள பிளெனிம் மாளிகையின் ஏரியைப் பார்ப்பவர்கள், அது ஆதியிலிருந்தே அங்கே கிடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் மாளிகைதான் அதற்கு மூத்தது.

1704இல் பிளெனிம் போரில் பிரெஞ்சுப் படையை வென்ற மார்ல்பரோ பிரபுவுக்காக, மறு ஆண்டே மாளிகை வேலை தொடங்கியது. வடிவமைத்த ஜான் வான்ப்ரா, கிளைம் சிற்றாறு ஓடும் பள்ளத்தின் மேல் மாபெரும் பாலம் ஒன்றையும் எழுப்பினார். பாலத்துக்குள் அறைகள்கூட உண்டு. அடியில் ஓடியதோ ஒடுங்கிய வாய்க்கால். 1760களில் வந்த நிலத்தோட்ட வடிவமைப்பாளர் லான்சலாட் பிரவுன் பாலத்தில் கை வைக்கவில்லை. ஆற்றின் குறுக்கே அணை கட்டினார். நீர் ஏறியது, பாலத்தின் கீழ்ப்பகுதி மூழ்கியது, பாலத்தின் உயரத்துக்கு ஏற்ற ஏரி கிடைத்தது. அவர் செய்தவற்றில் இதுவே ஆகத் துணிச்சலானது என்பேன்.

இத்தகைய ஏரிகளில் நீர் கசியாதிருக்க, ஈரக் களிமண்ணை மிதித்துப் பிசைந்து, காற்றிடைவெளி இல்லாமல் இறுக்கிப் பரப்புவார்கள். கரையை வளைத்து, முனைகளை மரங்களுக்குப் பின்னே மறைத்துவிட்டால், தேங்கிய நீர் ஓடும் ஆறாகவே தெரியும்.

அடுத்த உத்தி, ஹாஹா எனப்படும் மறைவேலி. பிரவுனுக்கு முன்பே வழக்கில் இருந்த இந்த அகழியில், மாளிகைப் பக்கம் செங்குத்துச் சுவர். மறுபக்கம் புல் மூடிய சரிவு. மேயும் ஆடுமாடுகள் சரிவில் இறங்கலாம், சுவரில் ஏற முடியாது. சன்னலிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் கண்ணிலேயே படாது. புல்வெளி தொடுவானம்வரை ஒரே விரிப்பாக ஓடும். பண்ணையின் எல்லையைச் சுற்றிலும் அடர்ந்த மரவரிசை நட்டுவிடுவதால், நிலம் எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. அந்த மரங்கள் முழு வளர்ச்சி பெறப் பல பத்தாண்டுகள் ஆகும். 1783இல் இறந்த பிரவுன், தாம் நட்டவற்றில் பெரும்பாலானவற்றைக் கன்றாகவும் இளமரமாகவும் மட்டுமே கண்டிருப்பார்.

இந்த அழகுக்கு ஊர்களும் விலை கொடுத்தன. டார்செட்டில் மில்டன் பிரபு, தம் மாளிகையை ஒட்டியிருந்த சிறுநகரம் பார்வையைக் கெடுக்கிறது என்று அதை இடித்தார். குடியானவர்களுக்காக 1780 வாக்கில் அருகிலுள்ள பள்ளத்தாக்கில் புது ஊர் எழுந்தது. மில்டன் பிரபுவின் மாளிகைப் பூங்காவிலும் பிரவுனின் கை உண்டு. மில்டன் அபாஸ் என்ற அந்தப் புது ஊரில் ஒரே தெருவின் இருபுறமும் வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையுமாக நிற்கும் வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.