பைக்கற்றில் ஒரு கணக்கு, சட்டியில் ஒரு கணக்கு

நான் படுவான்கரையைச் சேர்ந்தவள். 2007 இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த நாட்களில், நிவாரணமாகக் கிடைத்த அரிசியையும் பருப்பையும் அளந்து அளந்து சமைத்தோம். பைக்கற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது யார் பார்த்தது? பிள்ளைகளின் வயிறு நிறைந்தால் போதும் என்றிருந்தது.

இன்று நான் தையல் வேலைக்குப் போகிறேன். மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். முன்பு பாதையில் கடந்த மண்முனைத் துறையில் 2014 இல் பாலம் திறந்தார்கள். பயணம் சுருங்கினாலும் வீடு திரும்பப் பொழுதுபட்டுவிடும். வாவி மீன் வாங்கிக் கழுவி ஆக்க எல்லா நாளும் நேரம் கிடைப்பதில்லை. சோயா மீற்றும் நூடில்சும் எங்கள் அடுப்படிக்கு வந்தது அப்படித்தான்.

வீட்டில் என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். மகளின் பிள்ளைக்கு இரண்டு வயது. இரண்டு மாதமாக அவனுடைய நிறை ஏறவில்லை. கிளினிக் அட்டையில் கோடு படுத்தே கிடந்தது. எனக்கோ விளங்கவில்லை. சோயா பைக்கற்றில் 100 கிராமில் 340 கலோரி என்று போட்டிருந்தது. அவன் ஒரு வேளைக்கு 50 கிராம் அளவு சாப்பிடுவான். அப்படியென்றால் 170 கலோரி கிடைக்கிறதே என்று நினைத்தேன்.

குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா, இது காஞ்ச சோயாட கணக்கு. நீங்க புள்ளைக்குக் குடுத்தது தண்ணி குடிச்ச சோயா" என்றார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. ஊறிய சோயா ஏறக்குறைய மூன்று மடங்கு பாரமாகிறது. கலோரி கூடுவதில்லை, தண்ணீர்தான் கூடுகிறது. என் பேரனுக்குக் கிடைத்தது 60 கலோரி கூட இல்லை. அம்மாவுக்காக எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைத்த அதே கறியைத்தான் அவனுக்கும் கொடுத்து வந்தேன்.

எண் எப்படி வருகிறது?

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அற்வாட்டர் என்ற விஞ்ஞானி வகுத்த முறையே லேபல்களில் பெரும்பாலும் பயன்படுகிறது. மாப்பொருளுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி. அநேகமான பைக்கற்றுகளில் இருப்பது உள்ளே உள்ள பொருளின் கணக்கு. நாம் அதை என்ன செய்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

அவித்தால் தண்ணீர் ஏறும். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. அதே 100 கிராம் சோற்றில் 130 அளவுதான். பொரித்தால் தண்ணீர் வெளியேறி எண்ணெய் உள்ளே வரும். 100 கிராம் அவித்த உருளைக்கிழங்கில் 85 கலோரி அளவு. பொரித்த கிழங்கில் 300 வரை போகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 120 கலோரி.

நூடில்ஸ் வேறு விதம். உடனடி நூடில்சில் பெரும்பாலானவை ஆலையிலேயே எண்ணெயில் பொரிக்கப்பட்டவை. அந்த எண்ணெய் லேபல் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் மேலும் எண்ணெய் விட்டு வதக்கினால் அது கணக்குக்கு வெளியே.

2019 முதல் நம் நாட்டில் பைக்கற் உணவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இடுகிறார்கள். அது சீனி, உப்பு, கொழுப்பு பற்றியது. கலோரியை அது சொல்லாது.

கொழும்பில் ஒரு ஆய்வு

2015 இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் சுதைர் ஜேம்சும் அவருடைய ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும் அமெரிக்க மாநாடொன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு அரை கோப்பை அரிசியை வேகவைத்து, 12 மணி நேரம் குளிரூட்டியில் வைத்தால், எளிதில் செரிக்காத மாப்பொருள் கூடி, உடலுக்குக் கிடைக்கும் கலோரி குறையலாம் என்றார்கள். அது ஆய்வுகூட முடிவு. மனிதரில் சோதிப்பது அடுத்த படி என்றும் சொன்னார்கள். எனவே இதை நம்பி யாரும் மருந்தை நிறுத்தக்கூடாது. குளிரூட்டி இல்லாத வீட்டில் சோற்றை இரவு முழுக்க வெளியே வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுவதும் வயிற்றைக் கெடுக்கும்.

நான் இப்போது செய்வது

ஒரே சட்டியில்தான் இன்றும் சமைக்கிறேன். இரண்டு அடுப்புக்கு விறகும் இல்லை, நேரமும் இல்லை. சோயாவை ஊறவைத்துப் பிழிந்து, எண்ணெயைக் கரண்டியால் அளந்து விட்டு ஆக்குகிறேன். அம்மாவின் பங்கை முதலில் எடுத்து வைப்பேன். பிறகு பேரனின் பங்கில் கட்டிப்பால் சேர்த்துக் கொதிக்க வைத்து, சோற்றோடு மசித்து, இருந்தால் அவித்த முட்டையும் சேர்ப்பேன். நூடில்ஸ் அவித்த தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, தூளில் பாதிதான் போடுகிறேன்.

அடுத்த மாதக் கிளினிக்கில் அட்டைக் கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. மகள் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பைக்கற்றையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அந்த எண் காய்ந்த பொருளுக்கா, சமைத்த உணவுக்கா என்று கேளுங்கள். விளங்காவிட்டால் கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் நான் இழந்தது என் பேரனின் இரண்டு மாதம்.