கொழும்பைக் கேட்காமல் ஓர் இலக்கம்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் படகுகளில் பெயரோடு சேர்த்து ஒரு பதிவிலக்கமும் எழுதியிருக்கும். பலநாள் கடலில் தங்கித் தொழில் செய்யும் படகென்றால் அது ஐ.எம்.யூ.எல். என்று தொடங்கும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகென்றால் ஓ.எஃப்.ஆர்.பி. அதற்கடுத்து ஏ என்ற எழுத்து, பிறகு நாலு இலக்கத் தொடரெண், கடைசியில் மாவட்டக் குறி. திருகோணமலைக்கு ரி.சி.ஓ., சிலாபத்துக்கு சி.எச்.டபிள்யூ., மாத்தறைக்கு எம்.ரி.ஆர்.

கடைசி மூன்று எழுத்துகளை ஊர்ப்பெருமைக்காகப் போட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கிளவுட் எனப்படும் மேகக் கணிமையை நடத்துகிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட ஒரு சிக்கலுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

சிக்கல் இதுதான். ஒரு கிளவுட் நிறுவனத்தின் கணினிகள் பல நாடுகளில் பரவிக் கிடக்கின்றன. அங்கெல்லாம் ஒவ்வொரு நொடியும் யாராவது ஒரு மெய்நிகர் கணினியை, ஒரு வட்டை, ஒரு கோப்பை உருவாக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளம் வேண்டும். இரண்டு பொருளுக்கு ஒரே அடையாளம் விழுந்தால், ஒருவருடைய கோப்பை அழிக்கப்போய் இன்னொருவருடையது அழியும்.

ஒரே இடத்தில் ஒரு பதிவேட்டை வைத்து 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுத்தால் என்ன? திருகோணமலைச் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுக்கு இலக்கம் போட அது போதுமாயிருந்தது. ஏறக்குறைய நூறு தாங்கி, கட்டியவர் ஒருவர், பட்டியல் ஒன்று. ஆனால் சிங்கப்பூரில் உருவாகும் கோப்புக்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள பதிவேட்டைக் கேட்டுத்தான் இலக்கம் வாங்க வேண்டுமென்றால், கேள்வி போய்ப் பதில் வரவே ஐந்தில் ஒரு விநாடி கழிந்துவிடும். கணினிக்கு அது நெடுங்காலம். அந்தப் பதிவேடு இருக்கும் இயந்திரம் படுத்துவிட்டாலோ, உலகம் முழுவதும் வேலை நிற்கும்.

மாவட்டக் குறி இந்தத் தொல்லையை ஒரே வெட்டில் தீர்க்கிறது. திருகோணமலையில் ஒரு 0500, சிலாபத்தில் ஒரு 0500 இருந்தால் இருக்கட்டும்; பின்னால் வரும் எழுத்து பிரித்துக் காட்டிவிடும். ஒவ்வோர் இடமும் தன் வரிசையை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தால் போதும். கொழும்போடு தொடர்பு அறுந்த நாளிலும் இப்படிப்பட்ட இலக்கத்தைப் பிழையில்லாமல் எழுதலாம்.

டுவிட்டர் நிறுவனம் 2010இல் ‘ஸ்னோஃபிளேக்’ என்ற பெயரில் வெளியிட்ட முறையும் இதே யோசனைதான். அதன் அடையாளம் 64 பிட், அதாவது 64 இரும இலக்கம் (0 அல்லது 1) நீளம். அதில் 41 பிட் மில்லிவிநாடிக் கணக்கில் நேரத்துக்கு, 10 பிட் இயந்திரத்தின் குறிக்கு, 12 பிட் தொடரெண்ணுக்கு. ஆக 1,024 இயந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிவிநாடிக்குள் 4,096 அடையாளங்களை யாரையும் கேட்காமல் வழங்கலாம். ஆனால் இயந்திரக் குறியை யாராவது பங்கிட்டுக் கொடுத்தாக வேண்டும். தவறுதலாக இரண்டுக்கு ஒரே குறி போய்விட்டால் கதை கெட்டது. கடிகாரம் பின்னுக்குப் போனாலும் பழைய அடையாளம் திரும்ப வந்துவிடும்.

குறி கொடுக்கக்கூட ஆள் வேண்டாம் என்கிறது மற்றொரு முறை. யு.யு.ஐ.டி. எனப்படும் இதன் வேர் 1980களின் அப்பல்லோ நிறுவனக் கணினிகளில் இருக்கிறது. 2005இல் இணையப் பொதுத் தரமாக ஆவணமானது. மொத்தம் 128 பிட். இதன் நான்காம் வகையில் 122 பிட் முழுக்க எழுந்தமானம். சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் ஓர் எண்ணை எடுத்து, இதுதான் என் அடையாளம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வேறு யாருக்கும் அதே எண் விழாதா? விழலாம். 23 பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பது தெரிந்த கணக்கு. நாம் நினைப்பதைவிட மோதல் சீக்கிரமே வரும். ஆனாலும் 122 பிட்டில், விநாடிக்கு நூறு கோடி வீதம் சுமார் 86 ஆண்டுகள் எடுத்துக்கொண்டே போனால்தான் ஒரு மோதல் வரும் வாய்ப்பு பாதியை எட்டும். குலுக்கல் நேர்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முழு எழுந்தமானம் தரவுத்தளத்தில் வரிசைப்படாமல் சிதறுவதால், முதல் 48 பிட்டில் நேரத்தை வைக்கும் ஏழாம் வகை 2024இல் தரமானது. புதிதாக ஒன்றைக் கட்டுகிறவருக்கு நான் சொல்வது அதைத்தான்.

நீளத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் பின்னால் செலவு. அமேசான் தன் மெய்நிகர் கணினிகளுக்கு முதலில் எட்டு எழுத்து அடையாளம் கொடுத்தது. ஏறக்குறைய 429 கோடி சேர்க்கைகள். அதுவும் போதாமல் 2016இல் பதினேழு எழுத்துக்கு மாறியது. நம் தேசிய அடையாள அட்டையும் அதே ஆண்டில்தான் 12 இலக்கமானது. பழைய அட்டையில் பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டுமே இருந்தது.

அந்த அட்டை இலக்கம் இன்னொரு வேலையும் செய்கிறது: பிறந்த ஆண்டு, ஆண்டின் எத்தனையாம் நாள் இரண்டையும் சொல்லிவிடும், பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். மாறக்கூடிய செய்தியையும் இப்படி இலக்கத்துக்குள் ஏற்றிவிடுவதை நான் ஒப்பமாட்டேன். ரி.சி.ஓ. படகு கைமாறி நீர்கொழும்புக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கத்தை மாற்றினால் பழைய பதிவுகளோடு உள்ள தொடர்பு அறும். மாற்றாவிட்டால் மூன்று எழுத்தும் பொய் சொல்லும். மாறக்கூடிய எதையும் அடையாளத்துக்குள் வைக்காமல், பதிவேட்டில் பக்கத்து நிரலில் வைப்பதே சரி.

இலக்கத்தை மறுபடி இன்னொன்றுக்குக் கொடுப்பதும் கூடாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது விமானமொன்று சீனன்குடாவின் 91ஆம் இலக்க எண்ணெய்த் தாங்கியில் மோதியது. தாங்கி போனது, உருக்குலைந்த அந்த இடம் இன்றும் 91தான். கிளவுட்டில் சில இடங்களில் இந்த ஒழுங்கு இல்லை. அழித்துவிட்ட சேமிப்பகத்தின் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு, பழைய பெயரை நம்பி வரும் மென்பொருளுக்குத் தன் கோப்பைக் கொடுத்த ஏமாற்றுகள் உண்டு.

திருகோணமலையின் பிறீமா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் இந்த விஷயத்தில் நல்ல எடுத்துக்காட்டு. கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும். வானொலியில் பயன்படும் ஒன்பது இலக்க எண்ணின் முதல் மூன்றும் நாட்டைக் குறிப்பதால் அதுவும் மாறும், இலங்கைக்கு 417. ஆனால் சர்வதேச கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க எண் கப்பல் உடைபடும்வரை மாறாது. அது நாட்டையும் சொல்லாது, உரிமையாளரையும் சொல்லாது. கடைசி இலக்கம் எழுத்துப்பிழையைப் பிடிப்பதற்கு: முதல் ஆறையும் முறையே 7, 6, 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கமே ஏழாவது. 9074729இல் கூட்டுத்தொகை 139, ஏழாவது 9.

அந்த அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி, 12 மீற்றரும் அதற்கு மேலும் நீளமுள்ள, உள்ளிணைப்பு இயந்திரம் பூட்டிய, நாட்டின் கடலெல்லைக்கு அப்பால் தொழில் செய்ய அனுமதி பெற்ற மீன்பிடிப் படகுகளும் இந்த எண்ணைப் பெறலாம். பலநாள் படகு வைத்திருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள். எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.