ஐந்தாவது ஆளைக் கேட்டீர்களா? ‘சக்தி’யின் மறந்துபோன முதல் ஆல்பம்

2024 பிப்ரவரியில் ‘சக்தி’ குழுவுக்கு கிராமி விருது கிடைத்தபோது, சங்கர் மகாதேவனுக்கும் ஜாகிர் உசேனுக்கும் செல்வகணேஷுக்கும் வாழ்த்து மழை பொழிந்தது. ஆனால், இந்தக் குழு 1976-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

குழுவைத் தொடங்கியவர் இங்கிலாந்து கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’வில் காதைப் பிளக்கும் மின்கிதார் வாசித்துப் புகழ்பெற்றவர். பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றார். ‘சக்தி’க்காக மின்கிதாரை ஒதுக்கிவிட்டு, தனக்கெனத் தயாரான மரக்கிதாரோடு சப்பணமிட்டு உட்கார்ந்தார். உடன் வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். 1975 ஜூலை 5 அன்று, நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் ரசிகர்கள் முன்னிலையில் வாசித்ததுதான் இந்த ஆல்பம்.

டிரம்ஸ் கிடையாது, பாட்டு கிடையாது, மொத்தமே மூன்று உருப்படிகள். மின்கிதாரை எதிர்பார்த்த ராக் ரசிகர்களுக்கு ஏமாற்றம். கச்சேரி ரசிகர்களுக்கோ இது வெளிநாட்டுக் கலப்பு. இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளையாகிவிட்டது.

இன்று கேட்டால் தெரிவது வேறு. சபா மேடையில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்குப் பிறகுதான் அதற்கு இடம். இங்கே வயலினும் கிதாரும் பறக்கும்போது, தபலா, மிருதங்கம், கடம் மூன்றும் சரிசமமாக ஈடுகொடுக்கின்றன. அந்தப் பானை ‘பிளானட் டிரம்’ ஆல்பம் வழியாக 1992-ல் விக்குவுக்கு கிராமியே வாங்கிக்கொடுத்தது.

ராகவனின் கதை அப்படி அமையவில்லை. அடுத்த ஆல்பத்திலேயே குழு நால்வரானது, ராகவன் இல்லை. ‘சக்தி’யின் பழைய ஆல்பங்களில் அவர் வாசிப்பைக் கேட்க இது ஒன்றுதான் வழி. அதற்காகவே கேட்கலாம்.

புதிதாகக் கேட்பவர்கள், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான ‘லோட்டஸ் ஃபீட்’டில் தொடங்குவது நல்லது. அடுத்து 18 நிமிட ‘ஜாய்’. கடைசி உருப்படி 29 நிமிடம். வண்டலூரில் மின்சார ரயில் ஏறி ஹெட்போனை மாட்டினால், ஏறக்குறைய பரங்கிமலை வரை வரும். தாளத்தைத் தொடையில் போட்டபடி கேளுங்கள். எதிர்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்!