மருந்து எங்கே போய் உட்காருகிறது?

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் விரதம் இருப்பவர்களில் சிலருக்குப் பொழுது சாய்வதற்குள் தலைவலி வந்துவிடும். பட்டினிதான் காரணம் என்பார்கள் வீட்டில். ஆனால், தினமும் இரண்டு மூன்று டம்ளர் ஃபில்டர் காபி குடித்துப் பழகியவருக்கு, அன்று காபி இல்லாமல் போனதே காரணமாக இருக்கலாம். அது ஏன் என்று தெரிந்துகொண்டால், நாம் விழுங்கும் பல மாத்திரைகளின் வேலையும் புரிந்துவிடும்.

ஏற்பி என்னும் இருக்கை

நம் செல்களில் புரதத்தாலான நுண்ணிய இருக்கைகள் இருக்கின்றன. இவற்றை ஏற்பிகள் என்கிறோம். அட்ரினலின், ஹிஸ்டமின் போல உடலே சுரக்கும் பொருள் தனக்குப் பொருந்தும் ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் செல்லுக்குச் சேதி போகும். 1905-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் லாங்லி, நிகோட்டினையும் கியூராரே என்னும் நஞ்சையும் தசையில் சோதித்து, இப்படி ஓர் ஏற்கும் பொருள் இருந்தாக வேண்டும் என்று சொன்னார்.

மலைக்கோட்டை ஏறும்போது

உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் படியேறும்போது அட்ரினலின் ஊறுகிறது. இதயத்திலுள்ள பீட்டா-1 ஏற்பியில் அது உட்கார, துடிப்பு கூடுகிறது. நுரையீரலிலுள்ள பீட்டா-2 ஏற்பியில் உட்கார, மூச்சுக்குழாய் விரிகிறது. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரும் இந்த பீட்டா-2 இருக்கையைத்தான் தேடிப் போகிறது. இப்படி உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவைக்கும் மருந்து இயக்கி. அதே ஏற்பி கைத்தசையிலும் இருப்பதால்தான் இன்ஹேலர் எடுத்ததும் சிலருக்குக் கை நடுங்குகிறது.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும் 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். துண்டு பயணம் செய்வதில்லை. ஆனால் வேறு யாரும் உட்கார முடியாது. தடுப்பி வகை மருந்துகள் அப்படித்தான். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரப்படும் அட்டனலால் பீட்டா ஏற்பியில் துண்டு போடுகிறது. அட்ரினலின் நின்றுகொண்டே போகிறது. இந்த வகையில் முன்னோடியான புரோப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்.

புரோப்ரனலால் நுரையீரல் இருக்கையிலும் துண்டு போட்டுவிடும். அதனால் ஆஸ்துமாக்காரருக்கு அது ஆபத்து.

காபியும் தடுப்பிதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து, தன் ஏற்பியில் உட்கார்ந்து தூக்கத்தை வரவழைக்கும். காஃபீன் அந்த இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காபி இரவு 10 மணிக்கும் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான்.

இருக்கை நிறைந்த பிறகு

இருக்கைகள் நிறைந்துவிட்டால் மேலும் ஏறுகிறவர்கள் ஃபுட்போர்டில்தான் தொங்க வேண்டும். மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் பலன் கூடாது. அது வேறு ஏற்பிகளிலும் போய் உட்கார்ந்து பக்கவிளைவு கூடும். சளிக்குத் தரப்படும் குளோர்பெனிரமின் வழக்கமான அளவிலேயே இப்படி இடம் மாறி உட்காரும். அதனால்தான் வாய் உலர்கிறது. புராஸ்டேட் வீக்கமுள்ள முதியவருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம்.

திடீரென்று நிறுத்தினால்

துண்டு போட்ட இருக்கைகள் பெருகினால் உடல் சும்மா இருப்பதில்லை. புதிய இருக்கைகளைச் சேர்க்கிறது. ஏகாதசியன்று காபியை நிறுத்தியதும் அத்தனை இருக்கையிலும் அடினோசின் ஏறி உட்காருகிறது. மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்து தலை வலிக்கிறது.

பீட்டா தடுப்பியைத் திடீரென்று விட்டால் இதே கதை இதயத்தில் நடக்கும். படபடப்பு வரும், பிரஷர் எகிறும். இதயநோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம்.

மனதில் வைக்க வேண்டியவை

* மருந்துக் கடைக்குப் போகும்போது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையில் கொண்டுபோங்கள்.
* ஆஸ்துமா இருந்தால், எந்த நோய்க்காகப் போனாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* ஒரு மாத்திரை கேட்கவில்லை என்று நீங்களாக இரண்டு போடாதீர்கள்.

விரதத்துக்கு நாலைந்து நாள் முன்பே காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவந்தால் தலைவலி அவ்வளவாகத் தெரியாது. காபியை நீங்களே குறைத்துக்கொள்ளலாம். பிரஷர் மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.